கொடியில் கிடந்த சட்டை

அவரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்குள் முதலில் எழுவது சினம். இறந்தவர்மீது சினம் கொள்வது முறையன்று என்பாள் என் மனைவி. இறப்பு ஒருவருடைய செயல்களைக் கழுவித் தருவதாக நான் எந்த நூலிலும் கண்டதில்லை. ஆகவே சினத்தோடுதான் எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன். எங்கள் ஊரிலும் அவரைப் பெயர் சொல்லி அழைத்தவர் இல்லை. 'வீடு பாக்குத அண்ணன்' என்றால் எல்லார்க்கும் விளங்கும்.

மேற்கே தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்தவர். பெண்ணெடுத்த வகையில் எங்கள் ஊருக்கு வந்தவர். இடையில் நெடுங்காலம் சவுதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். மனைவி மறைந்தபின், ஒரே மகள் செவிலியாகக் குவைத்துக்குப் போனபின், பிறர் வீடுகளில் தங்கி அவற்றைக் காப்பதையே தொழிலாக்கிக்கொண்டார். குடும்பத்தோடு வளைகுடாவுக்குப் பெயர்ந்தவர்களின் பெரிய பெரிய வீடுகள் எங்கள் மாவட்டத்தில் பூட்டிக் கிடக்கின்றன. பூட்டிய வீட்டைத் திருடன் எளிதில் கண்டுகொள்வான். அவர் தங்கிய வீட்டை எந்தத் திருடனும் கண்டுகொண்டதில்லை.

அவருடைய முறை வேறு. நாள்தோறும் காலையில் வீட்டுக்காரருடைய சட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுப்பார். அழுக்கில்லாத சட்டைதான். அதை நீரில் நனைத்துப் பிழிந்து, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி கொடியில் போடுவார். மாலையில் எடுத்து மடித்து வைப்பார். மறுநாள் வேறு நிறத்தில் வேறு சட்டை. வாசலில் கிடக்கும் செருப்புகளை இடம் மாற்றுவார். பிள்ளைகளின் மிதிவண்டி நேற்று சுவரில் சாய்ந்திருந்தால் இன்று மாமரத்தில் சாய்ந்திருக்கும். மீன் கழுவிய நீரை வாசல் ஓரமாக ஊற்றுவார். பூனைகள் வந்து கூடும். அதைக் காண்கிற எவரும் உள்ளே ஒருத்தி சமைக்கிறாள் என்றே எண்ணுவர்.

"ஆளு இருக்குன்னு தோணிச்சின்னா போதும் சார். இருக்கணும்னு இல்ல" என்பார்.

இந்த ஒரு வாக்கியத்தை நான் அன்றே கூர்ந்து கேட்டிருக்க வேண்டும். கேட்டேன், மகிழவும் செய்தேன்.

எங்களுக்கு அப்போது ஆள் தேவைப்பட்டது. ஓமானின் மசுகட்டில் இருக்கும் எங்கள் மகளுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. வீட்டைப் பற்றி எனக்குப் பெரிய கவலையில்லை. புத்தகங்களைத் திருடுகிறவன் இருந்தால் அவனைக் காண எனக்கே ஆவல்தான். கவலையெல்லாம் கரியனைப் பற்றியது. கரியன் எங்கள் நாய். நிறத்தால் அப்பெயர். குட்டியாக வந்தவன், எங்களோடு சேர்ந்து முதுமை எய்தியிருந்தான். காலையில் தோவாளைப் பூச்சந்தைக்குப் போகும் முதல் பேருந்து தெருமுனையில் திரும்பும்போது எழுந்து, என் மனைவியின் காலடியில் வந்து படுப்பது அவன் வழக்கம். அவள் தேநீர் குடித்து முடிக்கும்வரை அசையமாட்டான்.

அவனை யாரிடம் விடுவது? என் அக்காள் மகன் வந்தான். "மாடியில கெட்டிப் போட்டா போதும் மாமா. ரண்டு நேரம் சோறு வச்சிட்டுப் போறேன்" என்றான். அவனுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பினோம். புதிதாக மணமான இணையர் வந்து, இணைய வேகம் என்ன என்று கேட்டனர். நாய் எங்கே படுக்கும் என்று அவர்கள் கேட்கவேயில்லை. நாகர்கோவிலில் நாய்களைத் தங்கவைக்கும் விடுதி ஒன்றுக்குக் கரியனையே அழைத்துச் சென்றோம். கம்பிக் கூண்டுகளைக் கண்டவன் வீடு திரும்பியதும் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். அன்று முழுவதும் வெளியே வரவில்லை.

தெருமுனையில் சிமெண்டுக் கடை வைத்திருப்பவர்தாம் இவரை அனுப்பிவைத்தார். வந்தவர் கரியனை ஏறிட்டும் பாராமல், நாய்க்கு முதுகு காட்டித் தரையில் அமர்ந்தார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் மனைவியோடு முருங்கை மரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சற்று நேரத்தில் கரியன் எழுந்து வந்து அவர் குதிகாலை முகர்ந்தான்.

"பட்டி நம்மள பாத்துக்கிடட்டும் டீச்சரே. நாம அத பாக்கப்பிடாது" என்றார். நாயைப் பட்டி என்பது மேற்கத்தியார் வழக்கம்.

என் மனைவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "இவனுக்கு ஏதாவது ஒண்ணுன்னா எங்களுக்கு உடனே சொல்லுவீங்களா?"

"டீச்சர் வெசனப்படாதுங்க" என்றார்.

கவலைப்படாதீர்கள் என்றுதான் சொன்னாரே தவிர, சொல்லுவேன் என்று சொல்லவில்லை. தமிழ் கற்பித்து, சொற்களை எடைபோட்டே வாழ்நாளைக் கழித்தவன் நான். அருகில்தான் அமர்ந்திருந்தேன்.

புறப்படுவதற்கு முன் சில நாள் எங்களோடேயே தங்கி நாயோடு பழகினார். எங்கள் வீட்டில் புலால் இல்லை என்று அறிந்ததும் அவர் முகம் சற்று வாடியது. "அப்பம் வாசல்ல என்னத்த ஊத்த?" என்றார். பிறகு அவரே தெளிந்து, முருங்கைக்காய்ச் சக்கையும் மாங்கொட்டையும் போட்டுச் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார்.

மசுகட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மகளைப் பேணுவதும் சமைப்பதும் என் மனைவியின் பொறுப்பு. நான் உப்பரிகையில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திருவனந்தபுரத்துக்கு நேர் விமானம் இருந்தது. காலையில் ஏறினால் மாலைக்குள் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்துவிடலாம்.

அந்நாள்களில் என் பழைய மாணவர் ஒருவர் மகளின் திருமண அழைப்பிதழோடு என் வீட்டுக்குப் போயிருக்கிறார். "சார் குளிக்காரு" என்று வாசலிலேயே விடை கிடைத்தது. மறுமுறை போனபோது "சார் ஒறங்குகாரு". மூன்றாம் முறை, "இப்பம்தான் தோட்டத்துக்குப் போனாரு. இந்நா, சட்டைய நனச்சுப் போட்டிருக்காருல்லா" என்று கொடியையும் காட்டியிருக்கிறார். மாணவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "ஐயா, நான் ஏதும் பிழை செய்துவிட்டேனா? என்னைக் காண ஏன் மறுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் கடல் கடந்து இருக்கிறேன் என்று அவருக்கு விளக்குவதற்குள் எனக்குச் சிரிப்புத் தாளவில்லை. என் மனைவியிடம் சொன்னேன், அவளும் சிரித்தாள். பொய் அப்போது பிறர் வாசலில் நின்றது.

அவள் ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் கைப்பேசியில் குரல்பதிவு அனுப்புவாள். அவருக்கன்று, கரியனுக்கு. "கரியா, சோறு தின்னியா? கெழட்டுப் பயலே, பூனைய வெரட்டாத. அம்ம வந்துருவேன்." இதை நாயின் காதில் கேட்கச் செய்ய வேண்டும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள். சற்று நேரத்தில் மறுமொழி வரும். "கேட்டான் டீச்சரே. வால ஆட்டுகான்." சில வேளை படமும் வரும். காணொளி கேட்டால் மட்டும், கைப்பேசியை நீட்டினால் பட்டி ஓடிவிடுகிறது என்பார்.

பேரன் பிறந்தான். அதற்குப் பின்னும் நெடுநாள் அங்கேயே இருந்தோம். குரல்பதிவு ஒரு நாளும் தவறவில்லை, மறுமொழியும் தவறவில்லை. பின்னாளில் அந்தப் படங்களை எடுத்துப் பார்த்தேன். ஊரில் வெயில் காய்கிறது என்று உறவினர் எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்த நாள்களில், அவர் அனுப்பிய படங்களில் எங்கள் முற்றம் மழையில் நனைந்திருந்தது. பழைய படங்கள். பேரனைக் கொஞ்சிக்கொண்டிருந்த எங்களுக்கு அது கண்ணில் படவில்லை.

நாங்கள் வீடு திரும்பிய காலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. கொடியில் என் நீலச் சட்டை நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கரியனின் தட்டில் நீர் நிரப்பியிருந்தது. அவனுடைய கழுத்துப் பட்டை ஆணியில் தொங்கியது. வாயிற்கதவைத் திறக்கும்போதே என் மனைவி "கரியா" என்று அழைத்தாள். பெட்டியைக் கீழே வைத்துவிட்டு மீண்டும் அழைத்தாள்.

"மொதல்ல உள்ள வந்து காப்பி குடியுங்க டீச்சரே" என்றார் அவர்.

கையில் தட்டோடு நின்றார். நாங்கள் ஒரு மிடறு குடித்ததும்தான் சொன்னார். உண்ணிக் காய்ச்சல். மருத்துவரிடம் கொண்டுபோயும் நிற்கவில்லை. சப்போட்டா மரத்தடியில் அடக்கம் செய்தாயிற்று.

"எப்பம்?" என்றேன்.

"குழந்த பொறந்ததுக்கு மறுநாளு."

என் மனைவி அழவில்லை. குவளையைத் தரையில் வைத்தாள். அவரைப் பார்த்துக் கேட்டாள்: "அப்பம் நான் பேசினதெல்லாம் ஆரு கேட்டா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

என்னை என் படிப்பும் பண்பும் அந்நேரத்தில் கைவிட்டுப் போயின. "ஓய், நோய் வந்தப்பமே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வந்திருப்பேனே. நான் அங்க சும்மாதானே கெடந்தேன்."

"நீங்க வந்தா பட்டி பொழச்சிருமா சார்?"

"பொழைக்காது. நான் பக்கத்துல இருந்திருப்பேன்."

"அதுக்கு நான் இருந்தேன்லா சார்."

அவர் அதைத் திமிரோடு சொல்லவில்லை. அதுதான் என்னை எரித்தது. உண்மையாகவே அது போதும் என்று அவர் நம்பினார். பின்னர் தம் தாயின் கதையைச் சொன்னார். சவுதியில் இருந்தபோது ஊரில் அவருடைய தாய் இறந்துவிட்டார். விடுப்புக் கிடைக்காது, அங்கே தனியாக அழுவான் என்று உறவினர் மறைத்துவிட்டனர். கடிதங்கள் வந்தன, தொலைபேசியில் 'அம்ம கோயிலுக்குப் போயிருக்கா' என்றனர். விடுப்பில் ஊருக்கு வந்தவர் தாய்க்கு வாங்கிய சேலையைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றாராம். வாங்கிக்கொள்ள எவரும் கை நீட்டவில்லை.

"எனக்கு அப்பம் கோவம்தான் சார். பொறவு நெனச்சுப் பாத்தேன். அந்த மாசமெல்லாம் எனக்க அம்ம சாகல்ல. அவளுக்காக்கும் நான் வேல செய்தேன். ஊருக்காரங்களுக்கு அம்ம அண்ணைக்கே போயிட்டா. எனக்கு மட்டும் கொஞ்ச நாளு கூடுதலாட்டு கிட்டிச்சு. அது லாபமில்லியா?"

"கூடுதலாக் கிட்டல்ல ஓய். உம்ம கையில இருந்து எடுத்தாங்க. இப்பம் நீரு எங்க கையில இருந்து எடுத்தீரு."

"டீச்சரு அங்க சிரிச்சோண்டு பேசினாங்கல்லா சார். அது பொய்யா?"

ஆம், பொய். இல்லாத ஒரு நாயிடம் ஒருத்தி ஒவ்வொரு விடியலிலும் கொஞ்சிப் பேசியதைச் சிரிப்பு என்று எவன் சொல்வான்? துயரம் எங்களுடையது. நாய் எங்களுடையது. வருவதா, அங்கேயே இருந்து அழுவதா, என்ன செய்வது என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாங்கள். அதை எங்களைக் கேளாமல் எடுத்துத் தம் மடியில் கட்டிக்கொள்ள இவர் யார்? அன்று அவரை வாயில்வரைகூட நான் கொண்டுபோய் விடவில்லை.

கால்நடை மருத்துவரைக் கண்டு விசாரித்தேன். "அவரைக் குறை சொல்லாதீங்க சார். நாயைத் தோள்ல போட்டுக்கிட்டு நாள் தவறாம வந்தாரு. டிரிப் ஏறுத வரைக்கும் காதத் தடவிக்கிட்டே இருப்பாரு. உங்ககிட்ட எல்லாம் சொல்லியாச்சுன்னுல்லா சொன்னாரு?" என்றார். மருத்துவர் வாசலிலும் ஒரு சட்டை காய்ந்திருக்கிறது.

அதன்பின் வீட்டில் மெல்ல மெல்ல மற்றவையும் தெரியவந்தன. அடுக்களைக் கூரையில் சில ஓடுகள் மட்டும் புதுச் சிவப்பாக இருந்தன. தென்னை மட்டை விழுந்து உடைந்ததை நாங்கள் அறியாமல் மாற்றியிருக்கிறார். என் மனைவி அன்றோடு குரல்பதிவு அனுப்புவதை நிறுத்திவிட்டாள். மழலை பேசத் தொடங்கிய பேரனுக்கும் எழுத்தில்தான் செய்தி. மகள் அதை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். "பேசேன்" என்று நான் வற்புறுத்தினால், "அந்தப் பக்கம் ஆரு கேக்காங்கன்னு எப்பிடித் தெரியும்?" என்பாள். இதற்கு நான் எவரை மன்னிப்பது?

அவரோடு பேச்சு அற்றுப்போனது. தெருவில் எதிர்ப்பட்டால் அவர் துண்டைத் தோளிலிருந்து எடுப்பார். நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பின்னொரு நாள் சிமெண்டுக் கடைக்காரர் வந்து, அவர் பக்கவாதம் வந்து நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் கிடப்பதாகச் சொன்னார். போனேன். ஏன் போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. சினம் கொண்டவனும் போகத்தான் செய்கிறான். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவருடைய மைத்துனர் நின்றிருந்தார். அவர் கையில்தான் நோயாளியின் கைப்பேசி இருந்தது. நான் நிற்கும்போதே அதில் ஒரு குரல்பதிவு வந்தது. குவைத்திலிருக்கும் மகள்.

"அப்பா, சாப்பிட்டியளா? ஏன் ரண்டு நாளா பேசல்ல? எனக்கு வெப்ராளமா இருக்கு."

மைத்துனர் கைப்பேசியை வாயருகே கொண்டுபோனார். "மக்களே, அப்பாக்குத் தொண்ட கட்டிட்டு. பேச முடியல்ல. நல்லா உறங்குதாரு. நீ வெசனப்படாத." அனுப்பிவிட்டார்.

"என்ன ஓய் இது?" என்றேன்.

"வேற என்ன சொல்ல சார்? அவளுக்கு அங்க இப்பம் லீவு கிட்டாது. சொன்னா கெடந்து துடிப்பா. எனக்கு என்ன ஆனாலும் பிள்ளகிட்ட சொல்லாதுங்கன்னு அத்தானே சொல்லியிருக்காரு."

"டாக்டர் என்ன சொல்லுகாரு?"

அவர் கையை விரித்தார்.

நான் கைப்பேசியைக் கேட்டு வாங்கினேன். தம் சாவைத் தாமே மறைத்துக்கொள்ள விரும்பியவரின் விருப்பம் அது என்பதை அறிந்துதான் வாங்கினேன். அவருடைய உயிர் அவருடையது. ஆனால் தந்தை அவளுடையவர். அவளை அழைத்தேன்.

"மக்களே, நான் உங்க ஊருதான். நாய் வளத்த சாரு பேசுகேன்."

"பட்டி செத்துப்போச்சே, அந்த சாரா?" என்றாள்.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எங்களுக்குச் சொல்லாததை மகளிடம் சொல்லியிருக்கிறார். அதை எண்ண அப்போது நேரமில்லை. உள்ளதை உள்ளவாறு சொன்னேன். செவிலி அல்லவா, அழுவதற்கு முன் கேள்விகள் கேட்டாள். எந்தப் பக்கம் செயலிழந்தது, விழுங்க முடிகிறதா, நினைவு இருக்கிறதா. பிறகு, "நான் வாறேன் சார்" என்றாள். "லீவு தரல்லன்னா வேலைய விட்டுட்டு வாறேன்."

"சாருக்கு இதுல என்ன காரியம்?" என்று மைத்துனர் என்மேல் பாய்ந்தார். உடன் நின்ற உறவினரும் பாய்ந்தனர். "ஒரு பட்டிக்காவ இந்தப் பழி தீக்குதியளா?" என்றும் ஒருவர் கேட்டார். எனக்கு அவர்களோடு வழக்காட விருப்பமில்லை. நாற்காலியில் அமர்ந்துவிட்டேன். அவள் வரும்வரை அந்தக் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை.

வந்தாள். அவருக்கு நினைவு இருந்தது. இடக்கையால் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். என்னைக் கண்டதும் வாய் கோணியபடியே குழறினார். "சொல்லிப்போட்டியளே சார். பிள்ள பயந்தோண்டு வந்திருக்கும்லா."

"பயந்துதான் வந்தா. வந்துட்டால்லா?" என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் செயலை அவர் கடைசிவரை ஏற்கவில்லை. ஆனால் மகளின் மணிக்கட்டையும் கடைசிவரை விடவில்லை. சில நாளில், அவள் கை அவர் கைக்குள் இருக்கும்போதே, போய்விட்டார்.

அடக்கம் முடிந்தபின் அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி இருக்கும்போதே சொன்னாள். "டீச்சர் அனுப்புத மெசேஜ அப்பா அழிக்கல்ல. ஒவ்வொரு நாளும் சப்போட்டா மரத்துக்குக் கீழ கொண்டுபோய்ப் போட்டுக் கேக்க வைப்பாராம். பொறவு எனக்குப் போன் செய்து அழுவாரு. டீச்சருக்க சத்தத்த கேக்க முடியல்ல மக்களேம்பாரு."

என் மனைவி எழுந்து உள்ளே போனாள். அழுகையொலி கேட்டது. இதைக் கேட்டு என் சினம் ஆறியிருக்கும் என்று எண்ணுவீர்களானால், இல்லை. கூடியது. எவ்வளவு கனம் என்று அறிந்தே சுமந்திருக்கிறார். நாங்கள் மூவரும் சேர்ந்து அந்த மரத்தடியில் நின்றிருக்கலாம். அவரும் தனியாக நின்று அழுதிருக்க வேண்டியதில்லை.

பணிக்குத் திரும்பும் முன் வீட்டுச் சாவியை என்னிடம் தந்தாள். "அப்பாக்க வீட்ட நீங்கதான் பாத்துக்கிடணும் சார். ஒரே ஒரு காரியம். என்ன ஆனாலும் எனக்குச் சொல்லணும். ஓடு ஒடஞ்சாலும் சொல்லணும்."

"சொல்லுவேன் மக்களே" என்றேன்.

அவள் விமானம் ஏறிய நாள் காலையில் அந்த வீட்டைத் திறக்கப் போனேன். முற்றத்துக் கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டை ஈரத்தோடு தொங்கியது. புறப்படும் முன் நனைத்துப் போட்டிருக்கிறாள். கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எடுத்து உள்ளே உலர்த்தி, மடித்து அலமாரியில் வைத்தேன். அவளுக்கு எழுதினேன்: 'கொடியில் கிடந்த சட்டையை எடுத்து வைத்துவிட்டேன். இல்லாதவரை இருப்பதாகக் காட்ட எனக்கு மனமில்லை.'

மாலையில் மறுமொழி வந்தது. 'சொன்னதுக்கு நன்றி சார். அப்பா இல்லன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். கொஞ்ச நாள் கெடக்கட்டும்.'

உரியவள் அறிந்து கேட்கிறாள். அவர் ஒருமுறையேனும் எங்களைக் கேட்டிருந்தால் போதும்.

மறுநாள் காலை போய்ச் சட்டையை எடுத்து நனைத்தேன். பிழிந்து உதறிக் கொடியில் போடுகையில், கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற பெண் வேலிக்கு அப்பால் நின்றாள். கொஞ்ச நாளாக எங்கள் ஊர்ப்பக்கம் வராதவள்.

"சட்ட கெடக்கே. அண்ணன் உள்ள இருக்காரா சார்? நல்ல சாள வந்திருக்கு."

"இல்லம்மா. அவர் இறந்துட்டாரு" என்றேன்.

அவள் தலைக்கூடையைக் கையால் பிடித்தபடி என்னையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கூடையை இறக்கி வேலியோரம் வைத்தாள்.

"எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல்லியே சார்" என்றாள்.

நான் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து இன்னொரு முறை உதறினேன். முதல்முறையைவிடப் பலமாக.